பிள்ளைக்காக யாரிடம் போய்க் கேட்பது? – கேள்வி பதில்

தமிழ்நாட்டில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம், பள்ளி, நீதிமன்றம் என்று குடும்பங்களோடு கூடவே போய் வருவதுதான் என் வேலையில் பாதி. உங்கள் கேள்விகளைச் சுருக்கி, பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் அக்கா. மகள் இறந்துவிட்டார். மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். எட்டாவது படிக்கும் பேரனும் ஐந்தாவது படிக்கும் பேத்தியும் பாட்டியிடம்தான் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைதான் வருமானம். "ஹோமில் சேர்த்துவிடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

அவசரப்பட வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வறுமை மட்டுமே காரணம் என்றால், பணத்தை வீட்டுக்குக் கொடுத்துப் பிள்ளையை வீட்டிலேயே வளர வைக்க ஏற்பாடு இருக்கிறது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுவார்கள். அங்கே 'நிதி ஆதரவுத் திட்டம்' என்று கேளுங்கள். 'ஸ்பான்சர்ஷிப்' என்றாலும் புரியும். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழியாக ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. இது தவிர, 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. அது பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து இன்னொருவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. எதற்குத் தகுதி என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் இரண்டையும் நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: தாயின் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிள்ளைகளின் ஆதார், பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. பெரும்பாலும் எங்கே சிக்கும் தெரியுமா? ஆதாரில் ஒரு இனிஷியல் இருக்கும், குடும்ப அட்டையில் வேறு இனிஷியல் இருக்கும். தாய் பெயர் ஒன்றில் 'லட்சுமி', இன்னொன்றில் 'இலட்சுமி'. இந்த ஒரு காரணத்துக்காகவே கோப்பு மாதக்கணக்கில் நகராமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் எல்லா நகலையும் தரையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், அப்பா உயிரோடு இருப்பதை மறைக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், எப்படியும் தெரிந்துவிடும். "கைவிட்டுப் போய்விட்டார்" என்று உள்ளதை எழுதுங்கள். அவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடவும் முடியும், அதற்கு இலவச வக்கீல் உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மாவட்டத்துக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கீடு இருப்பதால் பணம் வரத் தாமதமாகலாம். அதனால்தான் இன்றே மனுக் கொடுக்கச் சொல்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து பையனை பெல்ட்டால் அடிக்கிறார். 1098-க்குப் போன் செய்தால் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? என் பெயர் வெளியே வருமா?

1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெயர் சொல்ல விருப்பம் இல்லை என்றால் அதைச் சொல்லிவிட்டே பேசலாம். பெயரைவிட அவர்களுக்குத் தேவை விவரம்தான்: எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கடை அல்லது கோயில், பையனுக்கு ஏறக்குறைய என்ன வயது, எந்த நேரத்தில் நடக்கிறது, நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன. இந்த நிமிடம் அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

தூக்கிக்கொண்டு போவார்களா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நேரில் வந்து பார்த்துப் பேசுவார்கள். பிள்ளைக்கு அந்த வீட்டில் இருப்பது ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் நலக் குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவர் அதிகாரம் உண்டு. அம்மாவிடமோ வேறு உறவினரிடமோ பத்திரமாக இருக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அப்பாவை ஆலோசனைக்கும் குடி மீட்பு சிகிச்சைக்கும் அனுப்புவதும் அந்த வழியில்தான் நடக்கும். உங்கள் ஒரு போனால் குடும்பம் உடைந்துவிடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். பையன் முதுகில் பெல்ட் விழுகிறது, இன்றே கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பள்ளி வேனில் வரும் ஊழியர் தன்னைத் தொடுகிறார் என்று என்னிடம் அழுதாள். "முதலில் நாமே விசாரிப்போம், பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்கிறது நிர்வாகம். என்ன செய்வது மேடம்?

நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், டீச்சர். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குத் தொடர முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. பள்ளிக்குள்ளேயே 'விசாரணை' என்று பிள்ளையை நான்கு பேர் முன்னால் நிறுத்திக் கேட்பதுதான் நடக்கவே கூடாத விஷயம். உண்மையா பொய்யா என்று பார்ப்பது உங்கள் வேலையும் இல்லை, தலைமையாசிரியர் வேலையும் இல்லை.

பிள்ளை சொன்னதை, அவள் சொன்ன அதே வார்த்தைகளில், தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பே இல்லை" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பெற்றோரை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள், 1098-க்கும் சொல்லலாம்.

பெற்றோர் பயப்படுவார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: வாக்குமூலம் வாங்கப் போலீஸ் பிள்ளையின் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது, முடிந்தவரை பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனையைப் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும், அம்மாவோ பிள்ளை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். நீதிமன்றத்தில் குற்றவாளி முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை பிள்ளைக்கு வரக்கூடாது. பெயரை யாரும் வெளியிடக் கூடாது.

இன்னொன்றும் கேளுங்கள்: துணை நபர். வழக்கு முடியும் வரை பிள்ளையோடும் குடும்பத்தோடும் இருக்க, குழந்தைகள் நலக் குழு ஒருவரை நியமிக்கலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, இழப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எல்லாவற்றையும் அவர் விளக்குவார். நிறையக் குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் கிடைப்பார் என்றே தெரியாது. வழக்கின் நடுவில் மனம் தளர்ந்து விலகிப்போவது பெரும்பாலும் பக்கத்தில் ஆள் இல்லாத வீடுகள்தான். எனவே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர், "கல்யாணமாகாத பெண்ணின் குழந்தை, பணம் கொடுத்தால் நேரடியாக வாங்கித் தருகிறேன்" என்கிறார். எங்களுக்குப் பத்து வருடமாகக் குழந்தை இல்லை.

வேண்டாம். அது குழந்தை விற்பனை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. வளர்த்த பிறகு குழந்தையை எடுத்துச் சென்றுவிட்டால் அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் அதைவிடக் கொடுமை வேறில்லை. மத்தியத் தத்து வள ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதியுங்கள். காத்திருப்பு நீளமானது, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி வரும் குழந்தையை யாரும் உங்களிடமிருந்து பிரிக்க முடியாது. அந்தப் பெண் உண்மையிலேயே குழந்தையை ஒப்படைக்க விரும்பினால் குழந்தைகள் நலக் குழுவில் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு.

கேள்வி: என் தம்பிக்கு 16 வயது. செல்போன் திருடியதாக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

முதலில் அவனுடைய பள்ளிச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், தம்பி. வயதுக்கு முதல் ஆதாரம் அதுதான், இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெரியவர்கள் யாரும் சேராத இது போன்ற சிறிய குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை போடாமல், பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதுதான் விதி. ஜாமீன் கொடுப்பதே வழக்கம். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். நிலையத்தில் 'குழந்தை நலக் காவல் அலுவலர் யார்' என்று கேளுங்கள், ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். இலவச வக்கீல் வேண்டும் என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் பீஸ் பாக்கி. டி.சி. தர மறுக்கிறார்கள். பையன் மூன்றாவது.

டி.சி. இல்லாமலே அரசுப் பள்ளியில் சேருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தலைமையாசிரியர் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். அடுத்த வருடம் 18 முடிகிறது. இதுவரை எல்லாக் கையெழுத்தும் நான்தான் போட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கமே வருவதில்லை மேடம்.

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. 18 முடிந்த நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் அவர் தனி மனிதர். தாயாக இருந்தாலும் அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் தானாகத் தொடராது. இதற்காகத்தான் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவை நான்குக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான எந்த உதவி கேட்டுப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பேச்சு வரவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை என்றால் "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே அனுப்பிவைப்பார்கள்.

கேள்வி: நான் பதினொன்றாவது படிக்கிறேன் அக்கா. என் தோழிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அவளுக்கு இஷ்டமில்லை.

உனக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், கண்ணு. மற்றவர்கள் தெரிந்துகொள்ள இங்கேயும் எழுதுகிறேன். 1098-க்கு உடனே சொல்லுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் சொல்லலாம், குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவர் பொறுப்பு. நடுவர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டால், அதை மீறி நடத்தும் கல்யாணம் சட்டப்படி செல்லாது. முகூர்த்தத்தன்று காலையில் சொன்னால்கூட வருவார்கள், ஆனால் இரண்டு நாள் முன்பே தெரிந்தால் அந்தப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்தாமல் காரியத்தை முடிக்கலாம்.

கேள்வி: எல்லா ஆபீசும் சொல்கிறீர்கள். நான் பல தடவை போய்விட்டேன். "அடுத்த வாரம் வா" என்கிறார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு யார் பேசுவார்கள்?

வாய்வார்த்தையாகக் கேட்டீர்களா, மனுவாகக் கொடுத்தீர்களா? அதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒரு பக்க மனு போதும்: பிள்ளை பெயர், வயது, நிலைமை இரண்டு வரி, எந்தத் திட்டத்தில் என்ன வேண்டும், தேதி, கையெழுத்து. இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள், அங்கே மனு எண் போட்டு ரசீது தருவார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பிள்ளையின் உரிமை மறுக்கப்பட்ட விஷயம் என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். உங்களுக்காகப் பேச ஆள் வேண்டும் என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றத்திலும் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். மேலே பாட்டிக்குச் சொன்னதும் இதுதான். மனு எழுதத் தெரியாவிட்டால் அங்குள்ள சட்டத் தன்னார்வலர்கள் எழுதித் தருவார்கள், அலுவலகத்துக்குக் கூடவும் வருவார்கள்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை தைரியமாகப் பேசும் ஒருவரை அழைத்துப்போங்கள். அவர் பேசக்கூட வேண்டாம், நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்: யாரைப் பார்த்தோம், அவர் என்ன பதவியில் இருக்கிறார், என்ன சொன்னார், எந்தத் தேதிக்கு வரச் சொன்னார். அடுத்த முறை "போன வாரம் இந்தத் தேதியில் உங்களிடம் கொடுத்தேன், எண் இது" என்று தொடங்குங்கள். உங்கள் மாவட்டத்தையும் மனு விவரத்தையும் எனக்கு எழுதுங்கள், அடுத்து யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.