மூன்று மணி நேரம் படித்தது எந்த இறந்தகாலம்?

கேள்வி: தில்லியில் மாலை வகுப்பொன்றில் ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். ‘நேற்று மூன்று மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு ‘எஸ்துதியாபா’ என்ற வினையை எழுதினேன். ஆசிரியை அதை அடித்துவிட்டு ‘எஸ்துதியே’ என்று திருத்தினார். ‘சிறுவயதில் தினமும் மூன்று மணி நேரம் படித்தேன்’ என்பதற்கு ‘எஸ்துதியே’ எழுதினால், அதையும் அடித்து ‘எஸ்துதியாபா’ என்கிறார். இரண்டிலும் அதே மூன்று மணி நேரம்தானே? எதை வைத்து முடிவு செய்வது?
- வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: ஆசிரியை இரண்டு இடங்களிலும் சரியாகவே திருத்தியிருக்கிறார். முதல் வாக்கியத்தில் உங்கள் காலை வாரிவிட்டது தமிழ்தான். இரண்டாவதில் கைகொடுத்திருக்கக்கூடியதும் தமிழ்தான்.

‘எஸ்துதியே’ என்பது இந்தெஃபினிதோ என்ற இறந்தகால வடிவம். தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரே முழுச் செயலாக, வெளியே நின்று பார்ப்பது அது. ‘எஸ்துதியாபா’ என்பது இம்பெர்ஃபெக்தோ என்ற இன்னொரு இறந்தகால வடிவம். அதுவோ, செயல் நடந்துகொண்டிருந்த காலத்துக்கு உள்ளே நின்று பார்ப்பது. முடிந்ததா இல்லையா என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. நீண்ட நேரம் நடந்தால் இம்பெர்ஃபெக்தோ என்று பலர் மனப்பாடம் செய்துவைத்திருப்பது தவறு. தில்லியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிவிட்டவரும், அந்த முப்பது ஆண்டுகளை எண்ணிச் சொல்லும்போது, ‘விவி’ (வாழ்ந்தேன்) என்று இந்தெஃபினிதோவில்தான் சொல்ல வேண்டும், கணக்கு மூடப்பட்டுவிட்டதல்லவா! நேற்றைய உங்கள் மூன்று மணி நேரமும் அப்படி மூடப்பட்ட கணக்கே. தமிழில் ‘படித்துக்கொண்டிருந்தேன்’ என்பது இயல்பாக இருப்பதால் ஏமாந்துவிட்டீர்கள். அந்தத் தொடர்ச்சியை விட மனமில்லையென்றால் ‘எஸ்துவே எஸ்துதியாந்தோ’ என்று எழுதலாம். அப்போதும் ‘எஸ்துவே’ இந்தெஃபினிதோதான் என்பதைக் கவனியுங்கள்.

இனி இரண்டாவது வாக்கியம். அதையே வீட்டில் அம்மாவிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்? ‘சின்ன வயசுல தினமும் மூணு மணி நேரம் படிப்பேன்’ என்றுதானே? ‘பாட்டி ஊருக்குப் போனால் கிணற்றடியில் குளிப்போம்’ என்பதும் இதே வகை. உருவத்தில் எதிர்காலம், பொருளில் கடந்துபோன வழக்கம். இப்படி ‘படிப்பேன், குளிப்போம்’ என்று சொல்ல முடிகிற இடத்தில் தயங்காமல் இம்பெர்ஃபெக்தோ எழுதலாம். மூன்று மணி நேரம் என்பது அங்கே ஒரு நாளின் அளவு மட்டுமே. அந்த வழக்கம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதை வாக்கியம் மூடவில்லை. இம்பெர்ஃபெக்தோவில் ஒழுங்கு மீறும் வினைகள் மூன்றே என்பது கூடுதல் ஆறுதல்: எரா (இருந்தேன்), இபா (போவேன்), பெயியா (பார்ப்பேன்).

தமிழ் துணைக்கு வராத இடம் ‘இருந்தேன்’. ‘நீ அழைத்தபோது வீட்டில் இருந்தேன்’ என்றால் ‘எஸ்தாபா’. ‘நேற்று முழுவதும் வீட்டில் இருந்தேன்’ என்றால் ‘எஸ்துவே’. சில வினைகளில் பொருளே மாறிவிடும். ‘சபியா’ என்றால் முன்பே தெரிந்திருந்தது, ‘சூபே’ என்றால் தெரியவந்தது. ‘நோ கெரியா’ என்பவருக்கு விருப்பம் இருக்கவில்லை, அவ்வளவே. ‘நோ கிஸே’ என்பவர் மாட்டேன் என்று மறுத்தே விட்டார். விருந்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பவரிடம் இதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: நொய்டாவில் எங்கள் அலுவலகத்துக்கு மெக்சிகோ வாடிக்கையாளர்கள் உண்டு. ‘இன்று காலை பேசினேன்’ என்பதற்கு, ஸ்பெயினில் அச்சான என் பாடநூல் ‘ஏ அப்லாதோ’ என்கிறது. அவர்களோ ‘அப்லே’ என்கிறார்கள். எது சரி?
- வாசகர், மயூர் விஹார்

பதில்: இரண்டும் சரி. இன்றைய நாள் இன்னும் முடியவில்லை என்பதால் மாட்ரிட்காரர் ‘ஏ அப்லாதோ’ என்பார். மெக்சிகோக்காரருக்குப் பேசி முடித்தாயிற்று, ஆகவே ‘அப்லே’. ஸ்பெயினிலேயே கலீசியா, அஸ்துரியாஸ் பகுதிகளில் ‘அப்லே’தான் வழக்கம். அலுவலகத்தில் வாடிக்கையாளரின் வழக்கத்தையே பின்பற்றுங்கள். ஹனுமான் சாலையிலுள்ள செர்வாந்தெஸ் நிறுவனத்தில், ஸ்பானிய மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் தேலே தேர்வு எழுதும் எண்ணம் இருந்தாலும் கவலை வேண்டாம். கற்றோர் பரவலாக வழங்கும் எந்த நாட்டு ஸ்பானியமும் அத்தேர்வில் செல்லும், ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காதிருந்தால் நல்லது.