சாவி இல்லாமல் ஒரு முறை

அன்புள்ள ஐயா,

வாலாஜாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். மூளையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் எழும் செயல்பாட்டை வெளியிலிருந்து வரும் தூண்டல் எப்படி மாற்றுகிறது என்பதைச் சமன்பாடுகளால் ஆராய்வது என் வேலை. இதற்காக மூளையை ஒரு நேர்க்கோடாக எடுத்துக்கொள்கிறோம். அது பொய் சொல்வதாகாதா என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

சென்ற மாதம் ஆற்காட்டில் ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது என் தாய்மாமாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. எல்லோரும் "சாவி, சாவி" என்று கத்தினார்கள். யாரோ ஒரு பைக் சாவியை அவர் கையில் திணித்தார்கள். சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. மறுநாள் மாமா, "மூளையைப் பற்றித்தானே கணக்குப் போடுகிறாய், அதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு யோசித்தேன். இரும்புச் சாவியும் ஒரு புறத்தூண்டல்தானே? நம் முன்னோர்கள் அனுபவத்தால் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதலாமா? இந்த ஆய்வைத் தொடர்வதா, மென்பொருள் வேலைக்குப் போய்விடுவதா என்ற குழப்பமும் இருக்கிறது. இதையெல்லாம் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா?

தி.

அன்புள்ள தி.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நேர்க்கோடு பொய்யல்ல. எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். மென்பொருள் வேலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு வரவு செலவு எனக்குத் தெரியாது, அம்மாவிடம் கேளுங்கள். தமிழில் எழுதுங்கள். படிப்பார்களா என்பது எழுதி முடித்த பிறகு கவலைப்பட வேண்டிய விஷயம்.

சாவிக்கு வருகிறேன். அண்மையில் குடியாத்தம் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞன் வலிப்பு வந்து விழுந்தான். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைக்க ஆளில்லை. சாவிக்கு மட்டும் ஏழெட்டுக் கைகள் நீண்டன. அன்றிலிருந்து இது மனதில் கிடக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும் கோபம் முழுக்க உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையத்தில் நின்றவர்கள் யாரும் வகைக்கெழுச் சமன்பாடு படித்தவர்கள் அல்லர். நீங்கள் படித்தவர்.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுபவை. ஒருவர் விழ வேண்டும், அதை மற்றவர்கள் பார்க்க வேண்டும், அலற வேண்டும், சட்டைப்பையைத் துழாவ வேண்டும், இறுகிய விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணிக்க வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் அந்த ஓரிரு நிமிடம் கடந்திருக்கும். சாவிக்கு அடுத்து வருவது அமைதி, ஆகவே சாவியால் வந்தது அமைதி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. அதுவும் அந்த நோய்க்கே காக்காய் வலிப்பு என்று பெயர் வைத்திருக்கும் ஊரில்! இன்னொன்று, இன்று நம் பைகளில் இருக்கும் பூட்டுச் சாவிகளில் பல பித்தளை. முன்னோர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் அந்த இரும்பு எங்கே போயிற்று?

என் சித்திக்கு வலிப்பு இருந்தது. குடியாத்தத்தில் நெசவு வீடு எங்களுடையது. சித்தி முற்றத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவாள். திடீரென்று நூல் தளரும். வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்து விடுவிடுவென்று துடிக்கும். அடுத்தது மணிக்கட்டு, பிறகு முழங்கை. உதட்டின் வலது ஓரம் காது பக்கமாக இழுக்க ஆரம்பித்தால் ஆள் விழப்போகிறாள் என்று பொருள். அதற்குள் சித்தி இடது கையால் வலது மணிக்கட்டை நெரிப்பதுபோலப் பிடித்துக்கொள்வாள். சில நாள் துடிப்பு முழங்கையோடு நின்றுவிடும், சில நாள் நிற்காது. பாட்டி தன் இடுப்பிலிருந்த கொத்துச் சாவியை அவள் கையில் திணிப்பாள். நின்ற நாளெல்லாம் சாவியின் கணக்கில் சேர்ந்தது. நிற்காத நாளுக்குக் கணக்கே இல்லை. "இன்றைக்குச் சாவி கொடுக்கத் தாமதமாகிவிட்டது" என்பார்கள், அவ்வளவுதான்.

பிறகு சித்தப்பா சித்தியை வேலூருக்கு அழைத்துப்போனார். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கே தொடங்குகிறது?" எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. சித்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலில் தொடங்கிக் கை வழியாக முகத்துக்கு ஏறும் இந்த வரிசையை வைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் மேற்பரப்பில் உடலுறுப்புகளுக்குத் தனித்தனி இடங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பின்னாளில் கனடாவின் மான்ட்ரியலில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு அந்த இடங்களை வரைந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் நீங்கள் போய்விடக்கூடிய இடம். உங்கள் முன்னுரையில் முன்னோர் வேண்டுமென்றால் இவர் பெயரைப் போடுங்களேன். சாவி எதற்கு?

சித்திக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. கொத்துச் சாவிக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது.

பாமரர்களின் மயக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேலூர் சம்பந்தப்பட்ட ஒரு கதையே இருக்கிறது, இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிடி ஸ்கேன் வந்த புதிதில், வலிப்பு வந்த இந்திய நோயாளிகள் பலரின் மூளையில் ஒற்றைச் சிறு புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதிக் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் பலருக்குப் புள்ளி மறைந்திருந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைப்பது எவ்வளவு இயல்பு! ஆனால் காசநோய் மருந்தே கொடுக்காமல், வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அதே புள்ளி மறைந்துகொண்டிருந்தது. வேலூர் மருத்துவர்கள் அத்தகைய புள்ளிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு. 1989இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பிற்பாடு வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது, பரிசோதித்த வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுக்கூடுதான் என்று தெரிந்தது. படித்த மருத்துவர்கள் கையிலும் ஒரு சாவி இருந்திருக்கிறது, பாருங்கள். அதை விலக்கியது ஒரே ஒரு கேள்வி: கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

உங்கள் ஆய்வு எனக்குப் பிடித்துப்போவது இந்த இடத்தில்தான். மற்ற வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். 1977இல் ஜப்பானின் ஷுன்-இச்சி அமாரி எழுதிய கட்டுரை உங்கள் மேசையில் இருக்கும். ஒரு கோட்டில் நியூரான்கள், அதாவது மூளையின் நரம்பணுக்கள், நெருக்கமாக வரிசை கட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளவற்றைத் தூண்டும், சற்றுத் தள்ளி உள்ளவற்றை அடக்கும். ஒரு வரம்பைத் தாண்டினால்தான் எதுவும் கிளர்ந்தெழும். கோட்டில் ஓரிடத்தை வெளியிலிருந்து தூண்டினால் அங்கே செயல்பாடு ஒரு மேடாக எழுகிறது. தூண்டலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அளவுகள் பொருந்தி வந்தால், மேடு இரண்டு அகலங்களில் நிற்க முடியும் என்று அமாரி காட்டினார். அவற்றில் குறுகியது நிலையற்றது, அகன்றது நிலையானது. எழுந்த மேடு அந்தக் குறுகிய அகலத்தை எட்டாவிட்டால் தானே வடிந்துவிடும். தாண்டிவிட்டாலோ, தூண்டிய கையை எடுத்த பிறகும் வளர்ந்துபோய் அகன்ற அளவில் நின்றுகொள்ளும். கொஞ்சம் தாண்டினோமா, நிறையத் தாண்டினோமா என்பது அந்த மேட்டுக்கு நினைவிருக்காது. நிலையற்ற அந்தக் குறுகிய மேட்டை யாரும் எந்தக் கருவியிலும் நின்று பார்க்க முடியாது, ஆனால் எது பிழைக்கும் எது வடியும் என்று தீர்மானிப்பது அதுதான். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பு அடங்குவதில்லை.

உடனே மாமாவிடம் ஓடிப்போய், "இதுதான் உங்கள் வலிப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த மேட்டைச் சில விநாடி நினைவை விளக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 1971இல் ஃபுஸ்டரும் அலெக்சாண்டரும் குரங்குகளின் முன்மூளையில், காட்டிய பொருள் மறைந்த பிறகும் ஓயாமல் இயங்கும் நியூரான்களைப் பதிவு செய்தார்கள், அதற்கு இது பொருந்துகிறது. வலிப்பில் அடக்கும் பக்கம் தோற்றுப்போய்ச் செயல்பாடு பரவிவிடுகிறது. அதற்கு உங்கள் சமன்பாட்டில் இன்னும் சில உறுப்புகள் வேண்டும். அது உங்கள் வழிகாட்டியின் தலைவலி.

கோட்டில் ஒரு வசதி உண்டு, அது கல்யாண மண்டபத்தில் கிடையாது. அதே மேட்டை, அதே தொடக்கத்திலிருந்து, இரண்டாவது தூண்டல் கொடுத்து ஒரு முறையும் கொடுக்காமல் ஒரு முறையும் ஓட்டிப் பார்க்கலாம். கொடுக்காமலேயே மேடு வடிந்தால் தூண்டலுக்குப் பெருமை இல்லை. கொடுத்துத்தான் வடிந்தது என்றால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு என்று தேடலாம். இடம் மாறினால் விளைவே மாறும். மேட்டின் பக்கவாட்டில் தூண்டினால் அது அணையாது, தூண்டல் மிகுந்த பக்கமாக நகரும். இதையும் அமாரி அப்போதே சொல்லியிருக்கிறார். தொலைவில் பலமாகத் தூண்டினால் கதை வேறு. 2017இல் அமெரிக்காவில் விவேக் ஜெயராமன் குழுவினர் பழ ஈயின் மூளையில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். ஈ எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டியபடி வட்டமான ஒரு பகுதியில் ஒரு மேடு சுற்றி வருகிறது. அந்த வட்டத்தில் வேறோர் இடத்தை ஒளியால் தூண்டினார்கள். அங்கே புது மேடு எழுந்தது, பழையது அணைந்தது.

ஆகவே வெளித்தூண்டலால் மூளையில் எழுந்ததை அணைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. துடிக்கும் கையைத் தொடக்கத்திலேயே இறுகக் கட்டினால் சிலருக்கு வலிப்பு நின்றதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். சித்தி மணிக்கட்டைப் பிடித்தது அந்த வகையாக இருக்கலாம். 1950களில் ராபர்ட் எஃப்ரான் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு பாடகியைப் பற்றி எழுதினார். எங்கும் இல்லாத ஒரு நாற்றம் வீசுவதுபோலத் தோன்றித்தான் அந்தப் பாடகிக்கு வலிப்பு தொடங்கும். அந்தத் தொடக்கத்தில் வேறொரு கடுமையான வாசனையை முகர்ந்தால் நின்றுவிடும், தாமதித்தால் நிற்காது. பிறகு மல்லிகை வாசனையையும் ஒரு கைவளையத்தையும் சேர்த்தே பழக்கினார்கள். கடைசியில் வளையத்தைப் பார்த்தாலே போதும் என்றாயிற்று. கவனியுங்கள், எங்கே தொடங்குகிறதோ அந்தப் புலனுக்கே தூண்டல் போகிறது, பரவுவதற்கு முன்னால் போகிறது, கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்திருக்கிறார்கள். நினைவிழந்து விழுந்து கை கால் வெட்டிக்கொண்டிருப்பவரின் இறுகிய கையில் பைக் சாவியைத் திணிப்பதற்கும் இதற்கும் என்ன உறவு? விரல் நகம் பெயரும், வேறொன்றும் நடக்காது.

ஆகவே முன்னுரையில் சாவி வேண்டாம். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுவீர்கள். ஆனால் கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்று நம் ஊர்களில் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பணம் பறித்த 'நடுமூளைத் தூண்டல்' வகுப்புக்காரர்கள் நாளை தங்கள் துண்டறிக்கையில் அதை அச்சடிப்பார்கள், கணித முனைவர் சான்றளித்தது என்று. அந்த இரண்டு வரியின் இடத்தில் புழுக்கூட்டின் கதையை எழுதுங்கள். உங்களுக்குப் பக்கத்து மாவட்டம், உங்கள் துறைக்குப் பக்கத்துத் துறை.

மாமாவின் கேள்வியை மறந்தே போய்விட்டேன். இன்றைக்கு உங்கள் கணக்கில் அவருக்கு ஒன்றுமில்லை, அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா, எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் சமன்பாடு இருக்கிறது, சாவி இருக்கிறது, இந்த இரண்டும் இல்லை. அடுத்த கல்யாணத்தில் வலிப்பு வந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்க விடாதீர்கள், கையையும் காலையும் அமுக்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அதற்கு ஒருவர் பதறாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மண்டபத்தில் உங்களைவிட அதற்குத் தகுந்த ஆள் யார்?

அன்புடன்.