ஆன்டிபாடி ஆராய்ச்சியில் பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரெகரி விண்டர் செய்ததில் எது பெரிது?

ஆன்டிபாடி என்பது கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு சுரக்கும் புரதம். விண்டருக்கு நோபல் வாங்கித் தந்த ஃபேஜ் டிஸ்ப்ளேவா (வைரஸின் மேல் ஆன்டிபாடியை ஒட்டி, நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறை), அதற்கு முந்தைய வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு முந்தையதற்கு, அதாவது சுண்டெலி ஆன்டிபாடியை மனிதருக்கு ஏற்றதாக மாற்றிய 1986 வேலைக்கு. நான் விஞ்ஞானி இல்லை, பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் பார்மசிஸ்ட். ஒரே ஊசி மருந்தை வருஷக்கணக்கில் போட்டுக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். என் அக்காவும் அதில் ஒருத்தி.

1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்க வழி கண்டார்கள். ஆனால் அது சுண்டெலியின் ஆன்டிபாடி. நம் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு அதற்கு எதிராகவே ஆன்டிபாடி சுரக்கும். அடுத்தடுத்த ஊசிகளில் மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். காலம் முழுக்கப் போட வேண்டிய நோய்க்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விண்டர் அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்தவர். முதலில் புரதங்களின் வரிசையைப் படித்தார், பிறகு இன்ஃபுளூவன்சா மரபணுக்களின் வரிசையை. அப்புறம் வேதியியலாளர் ஆலன் ஃபெர்ஷ்ட்டுடன் சேர்ந்து ஒரு என்சைமில் ஒற்றை அமினோ அமிலத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்த்தார். புரதத்தைக் கழற்றி மாட்டும் இந்தக் கைப்பழக்கம்தான் ஆன்டிபாடிக்குள் கை வைக்கும் துணிச்சலைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். (2012 முதல் 2019 வரை டிரினிட்டி கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். நம்ம ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1918-இல் ஃபெல்லோ ஆன அதே கல்லூரி. துறைமுகம் பக்கம் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.)

ஆன்டிபாடி ஒய் வடிவில் இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஆறு சின்ன வளையங்கள். இலக்கைப் பிடிப்பது பெரும்பாலும் அவைதான், மீதியெல்லாம் அவற்றைத் தாங்கும் சட்டகம். 1986-இல் விண்டர் குழு சுண்டெலி ஆன்டிபாடியின் வளையங்களை மட்டும் எடுத்து மனித ஆன்டிபாடியில் பொருத்தியது, நாட்டு மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவது போல. பிடிமானம் போகவில்லை. 1988-இல் எலியிலிருந்து வந்த கேம்பாத்-1 ஆன்டிபாடியை இதே முறையில் மாற்றி, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிகள் இருவருக்குக் கொடுத்தார்கள். இருவருக்குமே ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் இருந்த புற்றுச் செல்கள் மறைந்தன, மண்ணீரல் வீக்கமும் போனது. எனக்கு இந்த இடம்தான் பெரிது.

ஆன்டிபாடிக்கான ஃபேஜ் டிஸ்ப்ளே 1990-இல் வந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேலுறையில் ஒரு புரதத் துண்டை ஒட்டவைக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்மித் 1985-இலேயே காட்டியிருந்தார். விண்டர் குழு அங்கே ஆன்டிபாடித் துண்டை வைத்தது. வெளியே ஆன்டிபாடி, உள்ளே அதற்கான மரபணு. கோடிக்கணக்கான வைரஸ்களை இலக்கின் மேல் ஊற்றி, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியதை வளர்த்து, மறுபடி ஊற்ற வேண்டும். சில சுற்றுகளில் நல்ல பிடிப்பு உள்ளவை தேறும்.

அக்கா போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் என்ற ஊசி மருந்து இந்த வழியில் பிறந்ததுதான். ஒரு சுண்டெலி ஆன்டிபாடியில் தொடங்கி, அதன் சங்கிலிகளை (ஆன்டிபாடியைக் கட்டியிருக்கும் புரத இழைகளை) ஒவ்வொன்றாக மனிதச் சங்கிலிகளாக மாற்றினார்கள். 2002 டிசம்பர் 31-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்படி முழு மனித ஆன்டிபாடியாகவே வந்தாலும் சிலருக்கு உடம்பு அதை எதிர்க்கத்தான் செய்கிறது. அதனால் விண்டர் 1986-இல் கையில் எடுத்த பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அக்காவுக்கு முடக்குவாதம். காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி மடங்காது. தண்ணி லாரி வந்தால் குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் போதவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம் ஊசி என்று ஆரம்பித்த பிறகு குடத்தை அவளே தூக்குகிறாள். 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் இந்தியாவில் இதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்துக்கு மிக நெருக்கமான மாற்று மருந்தை, கொண்டுவந்திருக்காவிட்டால் எங்களுக்கு இது எட்டியிருக்காது.

உங்கள் வீட்டில் யாராவது இதைத் தொடங்கப்போகிறார்கள் என்றால், முதலில் டிபி பரிசோதனை. உடம்புக்குள் அடங்கிக் கிடக்கும் டிபியை இந்த மருந்து கிளப்பிவிடலாம். டிபி இருக்கிறதா என்று பார்க்கக் கையில் மான்டூ ஊசி போட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டியாக வேண்டும், மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். வீட்டில் ஊசியை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசரில் உறைந்துபோனால் உருகிய பிறகும் போடக் கூடாது.