பிறன் வாக்கு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், அந்நியச் செல்வாக்கு குறித்து எச்சரித்து எழுதிய பிரியாவிடை உரை பற்றி நீங்கள் எழுதியதை மிச்சிகனில் இருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். அவர் அங்கே குடியுரிமை பெற்றவர், ஜெபம் தவறாத விசுவாசி. ரிபப்ளிகன் கட்சி போதாது என்று 2016இல் கான்ஸ்டிடியூஷன் கட்சி என்ற சிறு கட்சியின் அதிபர் வேட்பாளர் டாரல் காஸிலுக்கு வாக்களித்தவர். "பிற நாட்டுத் தேர்தலில் அமெரிக்கா மூக்கை நுழைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கட்சியின் நிலை" என்கிறார். பழமைவாதக் கிறிஸ்தவர்கள் உலகத்தையே தங்கள் பக்கம் இழுக்கத்தானே பார்ப்பார்கள்? மேலும், 1948இல் அமெரிக்கா ஒதுங்கி நின்றிருந்தால் இத்தாலி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிருக்காதா? "எனக்கென்ன" என்று இருப்பது கிறிஸ்தவனுக்கு அழகா?

பெ.ஜெ.

அன்புள்ள பெ.ஜெ.,

உங்கள் அண்ணன் தன் கட்சியைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார். ஹோவர்ட் ஃபிலிப்ஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில் 'வரி செலுத்துவோர் கட்சி' என்று ஆரம்பித்து, 1999இல் பெயர் மாறிய கட்சி அது. மிச்சிகன் கிளைக்கு இன்றும் பழைய பெயர்தான். அதன் கொள்கை அறிக்கை கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை அண்டத்தையும் அமெரிக்காவையும் ஆளுகிறவர் என்று அறிக்கையிட்டுத் தொடங்குகிறது. அதே அறிக்கை ஐ.நா.விலிருந்து விலகச் சொல்கிறது, வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்தச் சொல்கிறது. அரசமைப்புச் சட்டம் எழுதிக் கொடுக்காத எந்த அதிகாரமும் வாஷிங்டனில் இருக்கும் அரசுக்குக் கிடையாது என்பது அவர்கள் வாதம். இன்னொரு நாட்டின் வாக்குப்பெட்டியைத் தொட அந்தச் சட்டத்தில் எந்த வரியும் அனுமதி தரவில்லை.

இந்த எண்ணத்தின் வேர் வாஷிங்டனின் உரையில் இருக்கிறது. அந்நியச் செல்வாக்கு குடியரசுகளைக் கெடுக்கும் என்று 1796 செப்டம்பரில் அவர் எழுதியது வெறும் தத்துவமல்ல. அவர் எழுதி இரண்டு மாதத்துக்குள் அது கண்ணெதிரே நடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பிரெஞ்சுத் தூதர் பியேர் ஆதே, அதிபர் தேர்தல் நெருங்கும் வேளையில், அமெரிக்க அரசுக்கு எழுதிய கடிதங்களை 'அரோரா' செய்தித்தாளில் அச்சிடக் கொடுத்தார். பிரான்ஸ் கோபமாக இருக்கிறது, அமெரிக்கக் கப்பல்களுக்கு இனி ஆபத்து, ஜெஃபர்சன் வந்தால்தான் உறவு சீராகும் என்று ஊர் அறியச் சொல்வதுதான் நோக்கம். ஜெஃபர்சன் தேர்வாளர் வாக்குகளில் 71க்கு 68 என்று ஜான் ஆடம்ஸிடம் தோற்றார். தங்கள் தேர்தலில் ஒரு தூதர் கைவைத்ததை அந்தத் தலைமுறை ஆத்திரத்தோடு பார்த்தது. பட்டவர்களின் பேச்சு அது.

இனி இத்தாலி. உங்கள் கேள்வியில் இதுதான் கனமானது, இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

1946இல் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 சதவீதம் வாங்கியிருந்தார்கள். 1948 ஏப்ரல் 18 தேர்தலில் இருவரும் ஒரே அணி. சோவியத் பணமும் உள்ளே வந்துகொண்டிருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அமெரிக்கா செய்தது என்ன? கம்யூனிஸ்டுகள் வென்றால் உதவி நிற்கும் என்று வெளியுறவு அமைச்சர் மார்ஷல் மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அரசியல்வாதிகளுக்கு சி.ஐ.ஏ. பை பையாகப் பணம் கொடுத்தது, அதைக் கொடுத்தவர்களில் ஒருவரான மார்க் வயட் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். இதைவிட என்னை உறுத்துவது கடிதங்கள். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் ஊரிலிருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பத் தயார் வாசகம் அச்சடித்துக் கொடுக்கப்பட்டது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அதில் ஒரு வாசகம், தேர்தலில் 'உண்மையான ஜனநாயகம்' தோற்றால் அமெரிக்க அரசும் பணம் அனுப்பாது, உங்கள் உறவினர்களான நாங்களும் அனுப்ப மாட்டோம் என்றது.

போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. தெற்கு இத்தாலியில் ஒரு வீட்டில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். அண்ணன் அனுப்பும் டாலரில்தான் அடுப்பு எரிகிறது. வெளிநாட்டுப் பணத்தில் வீடு நடத்திய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவள் எந்தச் சின்னத்தில் குறியிட்டாலும் அது அவள் முடிவா, அந்தத் தாளின் முடிவா?

கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 சதவீதம் பெற்றது, எதிரணி 31. கத்தோலிக்கத் திருச்சபை ஊர் ஊராகத் தானே கமிட்டிகள் அமைத்து வேலை செய்திருந்தது. அது அவர்கள் நாடு, அவர்கள் உரிமை. வெளிப்பணம் இல்லாமலே அவர்கள் வென்றிருக்கக்கூடும். வென்ற கட்சியின் தலைவர் ஆல்சிடே தெ காஸ்பேரி முசோலினியின் சிறையில் கிடந்தவர், வத்திக்கான் நூலகத்தில் வேலை பார்த்துப் பிழைத்தவர். அப்படிப்பட்ட மனிதரின் வெற்றியைப் பேசும்போது இன்றும் அந்தப் பணப்பை கூடவே வந்து நிற்கிறது. உதவி என்ற பெயரில் அவருக்குச் செய்த அநியாயம் இது.

ஆபத்துக்காலத்தில் ஒரே ஒரு தடவை என்று சொல்லலாம் என்றால், அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. இத்தாலியில் 1950களிலும் 60களிலும் பணம் ஓடியது. சிலேயில் 1964 அதிபர் தேர்தலில் எடுவர்டோ ஃபிரெயின் பிரச்சாரச் செலவில் பாதிக்கு மேல், அதாவது 26 லட்சம் டாலர், சி.ஐ.ஏ. கொடுத்தது என்று அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழுவே 1975இல் பதிவு செய்தது. அதுவும் ஒரு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. குழந்தைகளின் நெற்றியில் அரிவாள் சுத்தியல் முத்திரை குத்திய சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. போப் பதினோராம் பயஸின் கம்யூனிச எதிர்ப்பு மேய்ப்புக் கடிதம் லட்சக்கணக்கில் விநியோகிக்கப்பட்டது. திருச்சபையின் வார்த்தையைத் தேர்தல் துண்டறிக்கையாக்கும் வேலைக்குப் பின்னால் ஓர் உளவு நிறுவனத்தின் பணம் இருந்ததை நினைத்தால் விசுவாசியான எனக்கு நெஞ்சு பதைக்கிறது. டவ் லெவின் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி 1946 முதல் 2000 வரை அமெரிக்கா 81 தேர்தல்களிலும் சோவியத் யூனியனும் பின்னர் ரஷ்யாவும் 36 தேர்தல்களிலும் இப்படித் தலையிட்டன.

ஆகவே அந்தக் கட்சியின் முடிவு எனக்கு ஏற்புடையதே. காரணத்தில்தான் நான் பிரிகிறேன். வெளியுறவுக் கொள்கையின் ஒரே நோக்கம் சொந்த நாட்டின் நலன் என்று அவர்கள் சொல்கிறார்கள். சொந்த நாட்டு நலன் நாளை வேறு மாதிரி தோன்றினால்? அன்று ரோமுக்குப் பை கொண்டுபோனவர்களும் தேசநலன் என்றுதானே சொன்னார்கள்! நாட்டு நலன் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு அவர்களை எப்படி மறுப்பது? வேதத்தைக் கையில் வைத்திருக்கும் கட்சிக்கு இதைவிட உறுதியான காரணம் இருக்கிறது. 'மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்' என்பது மத்தேயு 7:12. ஆதே தங்களுக்குச் செய்ததை வெறுத்தவர்கள், 2016 அதிபர் தேர்தலின்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து போலிக் கணக்குகள் அமெரிக்கரைப் போல நடித்து எழுதியதை வெறுத்தவர்கள், இத்தாலியத் தாய்க்கு அதைச் செய்யலாகாது. அங்கே திருடு போனது அவளுடைய உடைமை. அதைச் சொல்லாமல் அரசமைப்புச் சட்டத்தின் அதிகாரப் பட்டியலை மட்டும் பேசினால், வழக்கில் பாதிக்கப்பட்டவளின் பெயரே இல்லாமல் போய்விடுகிறது.

"எனக்கென்ன" என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, உங்கள் அண்ணன் வாக்களித்த டாரல் காஸிலையே பதிலாகச் சொல்லலாம். வியட்நாமில் பணியாற்றிய கடற்படைக் காலாட்படை வீரர், மெம்ஃபிஸ் நகர வழக்கறிஞர். அவரும் மனைவியும் ருமேனியாவின் புக்கரெஸ்டில் வீடற்ற ஜிப்சிக் குழந்தைகளுக்காக ஓர் ஊழியம் நடத்திவந்தவர்கள். கடல் கடந்து ஒரு பிள்ளைக்குச் சோறு போட அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் நாட்டில் யார் ஆள வேண்டும் என்பதைத்தான் அவர் தன் அரசிடம் விட மறுத்தார்.

அண்ணனிடம் என் அன்பைச் சொல்லுங்கள். 1948இல் அந்த அச்சடித்த கடிதம் அவர் மேசைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்று கேளுங்கள். சோவியத் பணமும் வருகிறது என்று தெரிந்த பிறகும் மறுத்திருப்பார் என்றால், என்ன காரணம் சொல்லி மறுத்திருப்பார் என்பதை அவரே எனக்கு எழுதட்டும். இங்கே பிரசுரிக்கிறேன்.