திறமை இருந்தால் போதாதா, பெண் ஓவியர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு?

உங்கள் தங்கை ஓவியம் படித்து முடித்துவிட்டார், பெண் கலைஞர்கள் சங்கம் ஒன்றில் சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சேர்ந்தால் 'பெண் ஓவியர்' என்று முத்திரை குத்தி ஓரமாக உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். பயம் நியாயமானது. ஆனால் கடைசியில் 'திறமை இருந்தால் போதாதா' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் கையிலிருந்த பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

போதாது.

நானும் ஓவியர்தான், இப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினர். அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை எண்ணுவது. காட்சிக்கூடத்துக்குள் நுழைந்து, படத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நோட்டில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம்; கோடு போட்டுக்கொண்டே போவது. பெயரைப் பார்த்துத் தெரியவில்லை என்றால் அப்புறம் விசாரித்து எழுத வேண்டும். ஓவியரைப் படம் பார்க்காதே என்று சொல்லி ஓவியங்களுக்கு நடுவே நடக்கவிடுவது கொஞ்சம் கொடுமைதான். காவலாளி வேறு சந்தேகத்தோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சமகால ஓவியம், சிற்பம் பற்றிய சர்வதேசக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. கலைஞர்கள் 160 பேருக்கு மேல். பெண்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. அந்தக் கோபத்தில் அடுத்த வருடம் கிளம்பியவர்கள்தான் கெரில்லா கேர்ள்ஸ், கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு போஸ்டர் ஒட்டிய பெண் கலைஞர்கள். 1989இல் அதே நியூயார்க்கில் இருக்கும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் போய் எண்ணினார்கள். நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாண ஓவியங்களில் இருப்பவர்களில் 85 சதவீதம் பெண்கள். மெட்ரோபாலிட்டனுக்குள் நுழைய வேண்டுமானால் பெண்கள் ஆடையில்லாமல்தான் போக வேண்டுமா என்று போஸ்டரிலேயே கேட்டுவிட்டார்கள்.

திறமைக் கதைக்கு வருவோம். கலைஞர்களின் அமைப்பான லண்டன் ராயல் அகாடமியை 1768இல் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் உண்டு, ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அதற்கப்புறம் ஒரு பெண் முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல், லாரா நைட். இடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் திறமையுள்ள பெண் ஒருத்திகூடப் பிறக்கவில்லையா? அந்த அகாடமியின் பள்ளிக்குள் பெண்கள் நுழைந்ததே 1860இல்தான். லாரா ஹெர்ஃபோர்டு என்பவர் முழுப் பெயர் போடாமல் இனிஷியலோடு கையெழுத்திட்டு அனுப்பிய வரைபடங்களை, ஆண் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நுழைந்த பிறகும் ஆடையில்லாத மாடலை வைத்து வரைய 1893 வரை அனுமதி இல்லை, அப்போதும் அரைகுறையாகத்தான். அன்றைக்கு மனித உடலை வரையப் பழகாதவர் பெரிய வரலாற்று ஓவியம் பக்கமே போக முடியாது. பூவும் பழமும் வரையலாம். அப்புறம் 'பெண்கள் பூதான் வரைகிறார்கள்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பழங்கதை என்பீர்கள். சரி, என் கதையைச் சொல்கிறேன்.

எண்ணி முடித்ததும், வருடா வருடம் கூட்டுக் கண்காட்சி நடத்தும் ஒரு காட்சிக்கூடத்துக்குப் பட்டியலோடு போனோம். பொறுப்பாளர் நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்தார். "நாங்கள் ஆண், பெண் பார்ப்பதே இல்லை, தரம் மட்டும்தான்" என்றார். நாங்களும் சண்டை போடவில்லை, எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டோம். யோசித்து யோசித்துச் சொன்னார்: தெரிந்த ஓவியர்கள் பேர் சொல்வார்கள், திறப்பு விழா முடிந்து ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள், அப்புறம் ஸ்டூடியோ போய்ப் பார்ப்போம். அவ்வளவுதான் தரம். ராத்திரி அந்த மேசையில் யார் இருப்பார்கள், யார் குழந்தையைத் தூங்கவைக்க வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, யோசிக்கவேண்டிய அவசியம் வரவில்லை.

அடுத்த தடவை பொது அழைப்பு விடுங்கள், பெயரை மறைத்துத் தேர்வுக் குழுவிடம் கொடுங்கள் என்று கேட்டோம். வேலையை நாங்களே செய்து தருகிறோம் என்றதும் சம்மதித்தார். பெயரை மறைப்பது சும்மா இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் எண் போட வேண்டும், படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தை அழிக்க வேண்டும் (சிலர் படத்தில் கால்வாசிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், அதனால் சொல்லவில்லை), கேன்வாஸின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தால் அதில் எழுதியிருப்பதையும் பார்க்க வேண்டும். அந்த வருடம் பெண்கள் கணிசமாக அதிகம். பாதிப் பாதி என்று சொல்லமாட்டேன், அதற்குக் கீழேதான். பெயரை மறைப்பதும் சர்வரோக நிவாரணி கிடையாது. பிரபல ஓவியர் கோடு போடும் விதத்தைப் பார்த்தாலே யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புதியவர்களுக்குத்தான் உதவும். உங்கள் தங்கை புதியவர்.

அதைவிட எனக்குப் பெருமையான விஷயம், அந்த அழைப்பிலிருந்து '35 வயதுக்குட்பட்டோர்' என்ற வரியை எடுக்கவைத்தது. இளம் கலைஞர் விருது, உதவித்தொகை, தங்கிப் பணிபுரியும் வாய்ப்பு என்று எதை எடுத்தாலும் இப்படி ஒரு வயது வரம்பு. பிள்ளை பெற்று, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி பிரஷ்ஷைத் தொட்டவள் நான். அப்போது என் படங்களுக்கு வயசாகவில்லை, எனக்குத்தான் ஆகியிருந்தது. விதி என்னவோ எல்லோருக்கும் பொதுதான். அடிபடுவது யார் என்று மட்டும் பாருங்கள்.

இடையில் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விற்றதில் பாதியைக் காட்சிக்கூடம் எடுத்துக்கொள்கிறது, சரி. ஃப்ரேம் செலவு நம் தலையில், கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிச் செலவும் நம் தலையில், விற்காவிட்டால் திரும்ப எடுத்துவரும் செலவும் நாம்தான். கண்ணாடி உடைந்து வந்தால் 'பேக்கிங் சரியில்லை' என்பார்கள். இதில் ஆண், பெண் வித்தியாசமே கிடையாது, பரிபூரண சமத்துவம். எங்கள் சங்கத்தில் ஒப்பந்தம் படித்துச் சொல்ல ஒரு வக்கீல் இருக்கிறார், சந்தா கட்டுவதில் பாதி அவருக்காகத்தான்.

இப்போது கமெண்டில் 'இட ஒதுக்கீடு கேட்கிறார்கள்' என்று வரப்போகிறார்கள். எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தவரே ஆண்தான், ஆண்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சங்கத்திலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை, ஒரு தீர்மானத்துக்கு ஒரு மாலை முழுக்கப் பேசுவோம், தலைவர் தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

முத்திரை பற்றிக் கேட்டீர்கள். அது சங்கத்தில் சேராதவர்களுக்கும் விழுகிறது. மார்ச் 8 நெருங்கினால் போதும், வருடம் முழுக்க நம் பெயர் ஞாபகம் வராதவர்கள் எல்லாம் 'மகளிர் தினச் சிறப்புக் கண்காட்சி, ஒரு படம் கொடுங்கள்' என்று கூப்பிடுவார்கள். நவம்பரில் கூப்பிடுங்களேன் என்று ஒருவரிடம் சொன்னேன், ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். தங்கையைக் கூப்பிடும் சங்கமும் இந்த மார்ச் வேலையைத்தான் செய்கிறது என்றால் சேர வேண்டாம் என்று நானே சொல்வேன். போன வருடம் எங்கே எண்ணினீர்கள், எண்ணிய பட்டியலை யாரிடம் கொடுத்தீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். காகிதத்தை எடுத்துக் காட்டினால் சேரலாம். ஒப்பந்தம் பார்க்க வக்கீல் இருக்கிறாரா என்பதையும் அப்படியே விசாரித்துவிடட்டும்.