நாடே கொந்தளிக்கும்போது திருகோணமலை நகரசபையால் (இப்போது மாநகர சபை) என்ன செய்ய முடியும்?

பொலிசும் இராணுவமும் எரிபொருள் இறக்குமதியும் கொழும்பின் கையில். சபைக்கு உள்ளவை குப்பை, வடிகால், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம். சின்ன வேலைகள் என்று தோன்றும். ஆனால் நெருக்கடியில் ஊர் முதலில் தடுமாறுவது இவற்றில்தான்.

2022 மே மாதம், பொருளாதார நெருக்கடியின் நடுவே, மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியிலிருந்து விலகி இங்குள்ள கடற்படைத் தளத்துக்கு வந்தபோது, வாசலில் ஆர்ப்பாட்டக்காரர்கள் திரண்டார்கள். நாடு முழுக்க அதைத்தான் பார்த்தது. ஆனால் டீசல் தட்டுப்பாடான அந்த நாட்களில் குப்பை உழவு இயந்திரம் நின்றால் சந்தை நாறும், வடிகால் அடைபடும், டெங்கு வரும். இருக்கிற டீசலை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவது என்ற முடிவை ஊருக்குள் இருந்துதான் எடுக்க வேண்டும்.

சபைக்குச் சொந்த வருமானம் ஆதன வரி, கடை வாடகை போன்றவை. மக்கள் கையில் காசு இல்லாதபோது அதுவும் வராது.

சரி, உறுப்பினர்களே இல்லாவிட்டால்? 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 தேர்தல் நடந்து புதிய சபைகள் அமையும்வரை அதிகாரிகளே நடத்தினார்கள். வட்டாரத்து ஆளிடம் வீட்டு வாசலில் நின்று கேட்கும் உரிமையை, அது மிகவும் தேவைப்பட்ட காலத்தில் நாங்கள் இழந்தோம். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.