உறைபனி நாடுகளில் நாடாப்புழுத் தொற்று எப்படி நீடிக்கிறது? குளிரில் புழுக்கள் செத்துவிடாதா?

அண்ணன் குடும்பம் வளர்ப்பு நாயோடு பின்லாந்துக்குக் குடிபெயர்வதாகவும், அங்கே மீனை முழுவதும் வேகாமலே உண்பார்கள் என்று கேள்விப்பட்டுப் பயப்படுவதாகவும், ஆனாலும் அந்தக் குளிரில் புழு எப்படிப் பிழைக்கும் என்று சந்தேகம் இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கால்நடை மருத்துவனாக என் பதில்: மீனுக்குள் இருக்கும் புழுவைக் கடுங்குளிர் கொல்லும், ஆனால் நரியும் நாயும் சாணத்தோடு வெளியேற்றும் நாடாப்புழு முட்டையை அதே குளிர் பத்திரமாக வைத்திருக்கும்.

மீனிலிருந்து தொடங்குகிறேன். பின்லாந்தின் ஏரிகளிலும் பால்டிக் கடலோரத்திலும் கிடைக்கும் பைக், பெர்ச் போன்ற மீன்களின் சதையில், வேக வைக்காத அரிசி மணியின் நிறத்தில், ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருண்டு கிடக்கும் லார்வாதான் மீன் நாடாப்புழுவின் இளம்பருவம். மனிதன், நாய், கரடி ஆகியோரின் குடலுக்குள் போனால் இது வளர்ந்து பத்து மீட்டரைக்கூட எட்டும். நாம் உண்ணும் உணவிலிருக்கும் வைட்டமின் பி12-ஐ இது உறிஞ்சிக்கொள்வதால் சிலருக்குக் கடுமையான இரத்தச்சோகை வரும். 1940-களில் பின்லாந்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புழு இருந்தது. இன்று அது அரிது. மைனஸ் 20 பாகையில் ஏழு நாள் உறைய வைத்த மீனில் லார்வா உயிரோடு இருக்காது. ஆனால் லேசாக உப்பிட்டதும் குளிர்ப்புகையில் வாட்டியதும் அதைக் கொல்லும் என்று நம்பிவிட வேண்டாம். தொற்று வந்தாலும் பிராசிகுவான்டெல் மாத்திரை ஒரு வேளை போதும் என்பதால் இதை நான் பெரிய ஆபத்தாகக் கருதுவதில்லை.

நான் அஞ்சுவது எக்கினோகாக்கஸ் என்ற சிறிய நாடாப்புழுவுக்குத்தான். படிக்கும் காலத்தில் சென்னை ஆட்டுத்தொட்டி ஒன்றில் ஆட்டின் ஈரலை அறுத்தபோது எலுமிச்சம்பழ அளவில் வெண்ணிறப் பை ஒன்று வெளிப்பட்டது. ஊசியால் குத்தியதும் தெளிந்த நீர் பீறிட்டு, கிண்ணத்தின் அடியில் பொடிமணல் போல ஏதோ படிந்தது. அந்த மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு புழுவின் தலை என்று ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து, நாய்க்குப் பச்சை ஈரலை வீசும் எவரையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. நம் ஊரில் ஆட்டுக்கும் நாய்க்கும் இடையே சுற்றும் இந்த இனத்தின் குளிர்நாட்டு உறவுக்காரன் இன்னும் கொடியது. அதன் பெயர் எக்கினோகாக்கஸ் மல்ட்டிலாகுலாரிஸ். முழு வளர்ச்சியடைந்த புழுவே சில மில்லிமீட்டர்தான். நரியின் குடலில் வாழ்ந்து, முட்டையாக வெளியேறி, புல்லோடு சேர்த்து அதைத் தின்னும் வோல் எனப்படும் வயலெலிகளின் ஈரலில் பெருகி, எலியைத் தின்னும் நரிக்கே அது திரும்பிப் போகும். இடையில் தவறுதலாக மனிதனின் வாய்க்குள் அந்த முட்டை போய்விட்டால், பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல், எல்லையில்லாத புற்றுநோய்க் கட்டி போலவே ஈரலுக்குள் ஊடுருவிப் பரவும். அறுவைசிகிச்சையில் முழுவதும் நீக்க முடியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை விழுங்க வேண்டியிருக்கும்.

உங்கள் சந்தேகத்துக்கு நேர்விடை இந்த முட்டையில்தான் இருக்கிறது. தென்மேற்கு ஜெர்மனியில் திறந்தவெளியில் வைத்துச் சோதித்தபோது கோடையில் அதிகபட்சம் 78 நாள் தாங்கிய முட்டைகள் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலுமாக 240 நாள் வரை தாங்கின. வெயிலும் வறட்சியுமே இவற்றின் எதிரிகள். நரிச் சாணத்தைச் சோதிக்கும் ஆய்வகங்கள் அதை மைனஸ் 80 பாகையில் நாள்கணக்கில் வைத்த பிறகே கையில் எடுக்கும். மீனுக்குப் போதுமான அந்த மைனஸ் 20 இங்கே எதற்கும் உதவாது.

அலாஸ்காவைச் சேர்ந்த, பெரிங் கடலிலுள்ள செயின்ட் லாரன்ஸ் தீவில் யூப்பிக் என்னும் பூர்வகுடி மக்களிடையே இந்த நோய் பரவியிருந்ததை 1950-களில் ராபர்ட் ராஷ், எவரெட் ஷில்லர் முதலியோர் ஆராய்ந்தார்கள். நரி காட்டில் கழிப்பதைவிட, ஊருக்குள்ளேயே எலி பிடித்துத் தின்ற நாய்கள் வாசலில் கழித்ததே அங்கு மனிதருக்கு வினையாயிற்று. அந்தத் தீவின் சவூங்கா என்ற ஊரில் பத்து ஆண்டுகள் நாய்களுக்கு மாதாமாதம் பிராசிகுவான்டெல் கொடுத்தபோது, ஊரைச் சுற்றியிருந்த எலிகளில் தொற்று 29 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. நாய்க்குக் கொடுத்த மருந்தின் பலன் எலியின் ஈரலில் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கதை தலைகீழ்: நரிகள் எப்போதும் இருந்தன, எலி இல்லை, சுரங்க ஊர்களுக்குக் கப்பலில் வந்த கால்நடைத் தீவனத்தோடு வயலெலியும் வந்திறங்கியதாகக் கருதப்படுகிறது. அந்த எலி நிலைத்த பகுதியில் 1999-இல் இந்தப் புழுவும் கண்டறியப்பட்டது.

குளிர்நாடு இதை ஒழிக்க முடியாது என்றும் எண்ண வேண்டாம். ஐஸ்லாந்தில் ஆட்டைச் சார்ந்த இனம் மனிதரை வாட்டியபோது, 1863-இல் அங்கு சென்ற டென்மார்க்கின் ஹரால்ட் கிராபே நூறு நாய்களை அறுத்துப் பார்த்து 28-இல் புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டே அவர் எழுதிய சிறு பிரசுரம் வீடுதோறும் இலவசமாகப் போனது. எழுதப் படிக்கத் தெரிந்த விவசாயிகள் அதைப் படித்தார்கள். பிறகு நாய்களைக் கட்டுப்படுத்தவும், குடற்புழு நீக்கவும், அறுத்த ஆடுகளின் கட்டியுள்ள உறுப்புகளை அழிக்கவும் சட்டங்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டில் பிறந்த தலைமுறையிடம் இந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது.

உங்கள் அண்ணனுக்கு: பின்லாந்தில் நரியின் குடலில் வாழும் அந்த மல்ட்டிலாகுலாரிஸ் புழு இல்லை என்றே கணக்கு, அதனால் காட்டில் பறிக்கும் பெர்ரிப் பழங்களைக் கழுவி உண்ணலாம். கிழக்குப் பின்லாந்தில் ஓநாய்க்கும் கலைமானுக்கும் (ரெயின்டீர்) இடையே சுற்றும் வேறொரு எக்கினோகாக்கஸ் உண்டு. வேட்டைக்காரர் யாராவது கலைமானின் பச்சை நுரையீரலை நாய்க்குத் தந்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள். நாயைக் கொண்டு போவதற்கு, அந்நாட்டு எல்லையைத் தொடுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பும் 120 மணி நேரத்துக்கு உள்ளாகவும் கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்து, நாளும் நேரமும் ஆவணத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். விமானம் தாமதமானால் அந்த 120 மணி நேரம் கடந்துவிடாதபடி, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு கொடுப்பது வசதி.